செப்டம்பரில் பாரிஸ், சுவிஸ், இத்தாலி: பெங்களூரிலிருந்து நாங்கள் இருவர், எதை முதலில் புக் பண்ணுவது?

பானசவாடி மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் முதல்முறையாக ஐரோப்பா போவதாக இருக்கிறோம். செப்டம்பர் 10 வாக்கில் கிளம்பி மொத்தம் 12 இரவுகள். பாரிஸ் 3, சுவிட்சர்லாந்து 4, வெனிஸும் ரோமும் சேர்த்து 3, திரும்பி வரும்போது துபாயில் 2 என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறோம். இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் நிலவரம்: அவர் வொயிட்ஃபீல்டில் ஐடி வேலை. நான் போன வருடம் வேலையை விட்டுவிட்டேன், இப்போது வருமானம் இல்லை. என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், சர்நேம் காலி. கணவர் பெயரும் அதில் இல்லை. அவர் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது. கல்யாணம் கும்பகோணத்தில் பதிவு செய்தது, சான்றிதழ் தமிழில்.

கேள்விகள்: விசா எந்த நாட்டில் போடுவது? ஃப்ளைட் டிக்கெட் இப்போது விலை குறைவாகக் காட்டுகிறது, ஆனால் ரீஃபண்ட் கிடையாது, வாங்கிவிடலாமா? என் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றிக்கொண்டுதான் போகணுமா? ஒரு டிராவல் ஏஜென்ட் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் தருகிறேன் என்கிறார், நாமே போடுவது நல்லதா?

---

கோரமங்கலா 5வது பிளாக்:

மேடம், முதலில் ஃப்ளைட் பக்கத்தை மூடிவிடுங்கள். இரவுகளை நிச்சயம் பண்ணுவதுதான் முதல் வேலை, ஏனென்றால் விசா எந்த நாட்டில் என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதி எளிது: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். நாட்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. எந்த நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வேறெங்கோ தங்குவது வேண்டாம். ஹோட்டல் பேப்பரை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும், விண்ணப்பம் திரும்பும்.

உங்கள் 12 இரவில் நான்கு இடம் என்பது அதிகம். ஊர் மாறுகிற ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, செக்-அவுட் பண்ணி, ரயில் ஏறி, அடுத்த ஹோட்டலில் மூன்று மணிக்கு ரூம் கிடைக்கும்வரை காத்திருந்து என்று பகலில் பாதி போய்விடும். உங்கள் பட்டியலில் இத்தாலியின் 3 இரவில் உருப்படியாக ஒன்றரை நாள்தான் கையில் நிற்கும். இத்தாலியையும் துபாயையும் எடுத்துவிடச் சொல்வேன். பாரிஸ் 5, இன்டர்லாக்கன் பக்கம் 4, லூசெர்ன் 3. இத்தாலி தனியாக ஒரு பயணத்துக்குத் தகுதியான நாடு.

இப்படிப் போட்டால் பிரான்ஸ் 5, சுவிஸ் 7. ஆகவே இறங்குவது பாரிஸில் என்றாலும் விசா சுவிட்சர்லாந்தில். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 முதல் ஷெங்கனில் இருக்கிறது, ஒரே விசா போதும். அது இத்தாலியையும் சேர்த்து 29 நாடுகளுக்குச் செல்லும். லண்டன் அதில் சேராது. நடுவில் "ரெண்டு நாள் லண்டன்" என்று யாராவது ஆசை காட்டினால் தனி விசா, அதோடு ஷெங்கனுக்குள் திரும்பி வர மல்டிபிள் என்ட்ரியும் (ஒரு தடவைக்கு மேல் நுழையும் அனுமதி) வேண்டும்.

தேதிக் கணக்கு: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், கூடுதல் பரிசோதனை என்றால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 10-லிருந்து 45 நாளைப் பின்னால் எண்ணினால் ஜூலை 27. அதற்கு மேல் சில வாரம் மூச்சுவிட இடம் வைத்து ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் பிடியுங்கள். மார்ச்சிலேயே போட்டாலும் லாபமில்லை: பேங்க் ஸ்டேட்மென்ட், லீவ் லெட்டர் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், அவருக்கு செப்டம்பர் லீவை ஆபீஸில் அவ்வளவு முன்னால் எழுதித் தருவதும் கஷ்டம். ஆனால் ஸ்லாட் எப்போது திறக்கிறது என்பதை மே மாதத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். நம்மூரில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி லீவுக் கூட்டம். ஸ்லாட் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கர் பக்கம் போகாதீர்கள்.

இரண்டு பேருக்கும் இரண்டு ஸ்லாட் வேண்டும், ஒரே லாகினில் அடுத்தடுத்து எடுங்கள். முதல் தடவை என்பதால் கைரேகைக்கு இருவரும் நேரில் வரணும். அந்தக் கைரேகை 59 மாதம் செல்லும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதை ரூபாயாகக் கட்டணும், விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சர்வீஸ் சார்ஜ் தனி. விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும், அந்த வாரங்களில் அவருக்கு ஆபீஸ் வேலையாக வெளிநாட்டுப் பயணம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையே இன்று எடுத்துப் பாருங்கள்: கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதா, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுமா, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் முதல் வேலை லால்பாக் ரோடு அல்லது மாரத்தஹள்ளி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில்தான்.

---

அல்சூர் ஏரிக்கரை:

பெயர் விஷயத்தை மட்டும் நான் சொல்றேன், நம்ம ஆட்கள் சிக்கிக்கிறதே இங்கதான்.

ஷெங்கன் விசாவுக்காக உங்க பாஸ்போர்ட்ல பெயரை மாத்த வேண்டிய அவசியமே இல்லை மேடம். கணவர் பெயரைச் சேர்க்கணும்ங்கற கட்டாயமும் இல்லை. மாத்தினா அதுக்கப்புறம் பான், ஆதார், பேங்க் எல்லாத்தையும் மாத்தணும். பாதி மாத்தி பாதி மாத்தாம விசா ஆபீஸுக்குப் போறது இப்ப இருக்கறதை விட மோசம். அப்படியே விட்டுடுங்க.

விசா படிவத்துல பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதே எழுத்து. சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டா ஆன்லைன் படிவம் நகரலைன்னா, இருக்கற அந்த ஒரே பெயரை சர்நேம் கட்டத்துல போடறதுதான் வழக்கம். உங்க இஷ்டத்துக்கு அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அங்கே நுழைக்காதீங்க.

டிக்கெட்ல ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு மாதிரி. சிலது ஒரே பெயரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்லும், சிலது முதல் பெயர்க் கட்டத்துல எஃப்.என்.யு.ன்னு (முதல் பெயர் தெரியாதுங்கறதோட ஆங்கிலச் சுருக்கம்) மூணு எழுத்து போடச் சொல்லும். அந்த ஏர்லைன் தளத்துலயே உதவிப் பக்கத்துல எழுதியிருப்பாங்க, இல்லாட்டி சாட்ல கேட்டு பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. இதனாலயே உங்க டிக்கெட்டை மட்டும் மூணாவது தளத்துல வாங்காம நேரா ஏர்லைன்ல வாங்குங்க. பெயர்த் திருத்தம்னு வந்தா தளம் ஏர்லைனைக் கைகாட்டும், ஏர்லைன் தளத்தைக் கைகாட்டும், நீங்க கவுன்டர்ல நிப்பீங்க.

உங்க வீட்டுக்காரர் விஷயம் வேற. அவர் சர்நேம் அவங்கப்பா பெயர், அதனால ஐரோப்பால எல்லா இடத்துலயும் உங்க மாமனார் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாங்க. ஹோட்டல் ரிசப்ஷன்ல புக்கிங் தேடறப்ப அவர் பெயரைச் சொன்னா "இல்லை"ன்னு வரும். மாமனார் பெயரைச் சொல்லுங்க. அதோட உங்க ரெண்டு பேர் பெயர்லயும் பொதுவா எதுவுமே இல்லை, பாஸ்போர்ட்ல ஸ்பவுஸ் பெயரும் இல்லை. அப்ப நீங்க கணவன் மனைவின்னு காட்டற ஒரே காகிதம் அந்தக் கல்யாணச் சான்றிதழ்தான். உங்களுக்கு வருமானம் இல்லாததால செலவுக்கு அவர்தான் பொறுப்புன்னு காட்டணும், அந்தக் கணக்கே அந்த ஒரு தாளை நம்பித்தான் நிக்குது. தமிழ்ல இருக்கறதால ஆங்கில மொழிபெயர்ப்பு நோட்டரி கையெழுத்தோட வேணும். மூலத்தையும் கையில எடுத்துட்டுப் போங்க. பழைய பிரதி மங்கிப் போயிருந்தா தமிழ்நாடு பதிவுத்துறை தளத்துல சான்றிட்ட நகல் எடுக்க முடியுமான்னு முதல்ல பாருங்க, அதுக்கப்புறம் கும்பகோணத்துக்கு பஸ் ஏறலாம்.

இன்னொண்ணு, இனிஷியல். பாஸ்போர்ட்ல "மீனாட்சி"ன்னு மட்டும் இருக்கும், பேங்க்ல "கே மீனாட்சி", ஆதார்ல "மீனாட்சி கே", கல்யாணச் சான்றிதழ்ல அப்பா பெயரோட முழுசா. நமக்கு இது ஒரே ஆள்னு பார்த்ததும் தெரியும். ஃபைலைப் பார்க்கறவருக்கு நாலு ஆள். இவங்க எல்லாரும் ஒருத்தர்தான்னு ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு உறுதிமொழி, நோட்டரி வச்சு, சான்றிதழுக்குப் பின்னாடி சேருங்க. கவர் லெட்டர்லயும் ஒரு வரி எழுதிடுங்க.

துபாய் இன்னும் மனசுல இருந்தா இதைப் படிங்க. 2022 நவம்பர்ல இருந்து ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்ல ஒரே பெயர் இருக்கறவங்களை விசிட் விசால ஏத்துக்கறதில்லைன்னு ஏர்லைன்கள் அறிவிச்சாங்க. கடைசிப் பக்கத்துல அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தா ஏத்துப்போம்னு பிறகு விளக்கமும் வந்தது. அதனால போகவே முடியாதுன்னு இல்லை. ஆனா செக்-இன் கவுன்டர்ல இருக்கறவருக்கு அது தெரிஞ்சிருக்கணுமே! ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராம ஃப்ளைட் மட்டும் மாறறதுன்னா இந்தத் தொல்லை கிடையாது. ரெண்டு இரவுக்காக இதை இழுத்து விட்டுக்க வேண்டாம்னுதான் நானும் சொல்வேன்.

---

பானசவாடி மல்லிகை:

மிக்க நன்றி. இத்தாலியையும் துபாயையும் எடுத்துவிட்டோம், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாமனார் பெயர் விஷயம் படித்து இருவரும் சிரித்தோம், குறித்தும் வைத்துக்கொண்டோம். இப்போது சந்தேகம் டிக்கெட் பற்றி: விசாவுக்கு டிக்கெட் காட்டணும் என்கிறார்கள், விசா வராமல் டிக்கெட் வாங்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். ஏஜென்ட் டம்மி டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறார். பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு தொகையும் சேர்த்திருக்கிறார், அது என்ன?

---

ஜெயநகர் கணக்கர்:

ஷெங்கன் விண்ணப்பத்துக்குக் கேட்பது போக வர ரிசர்வேஷன். பணம் கட்டி முடித்த டிக்கெட் அல்ல. அதற்கு நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, முழு ரீஃபண்ட் உள்ள கட்டண வகையில் வாங்குவது; விலை கூடுதல், ஆனால் விசா மறுத்தால் பணம் திரும்பும். ரத்து செய்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை அந்தக் கட்டண வகையின் விதிமுறையிலேயே படியுங்கள், தளத்தின் விளம்பர வரியை நம்பாதீர்கள். இரண்டு, உரிமம் உள்ள ஏஜென்ட் ஏர்லைன் சிஸ்டத்தில் போட்டுத் தரும் உண்மையான ரிசர்வேஷன். அந்த பி.என்.ஆர். எண்ணை ஏர்லைன் தளத்தில் நீங்களே தட்டிப் பார்த்தால் உங்கள் பெயர் வர வேண்டும். வரவில்லையென்றால் அது வெறும் பி.டி.எஃப். படம், பொய் ஆவணம் என்று மறுத்தால் அந்தக் குறிப்பு அடுத்த விண்ணப்பத்திலும் பின்னால் வரும்.

ஹோட்டலுக்கு இலவச ரத்து உள்ள ரூம்களை இருவர் பெயரிலும் போடுங்கள். இருவர் பெயரும் வவுச்சரில் அச்சாக வேண்டும். பல தளங்களில் புக் பண்ணியவர் பெயர் மட்டும் வரும், மற்றவர் "1 விருந்தினர்" என்று நிற்பார். ரத்துக் கெடு அந்த ஊர் நேரப்படி. விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரூம்களை ரத்து செய்யாதீர்கள், முடிவு வரும்வரை அவை இருக்கட்டும்.

டிக்கெட்டை ஒரு வழி பாரிஸில் இறங்கி, மறு வழி சூரிக்கில் ஏறுவதாக மல்ட்டி-சிட்டியில் தேடுங்கள். பாரிஸுக்குத் திரும்பி வந்து ஏறினால் ஒரு நாளும் இரண்டு ரயில் டிக்கெட்டும் வீண். பெங்களூரிலிருந்து ஏர் பிரான்ஸ் நேராக பாரிஸ் போகிறது, லுஃப்தான்சா பிராங்பர்ட்டுக்கும் மியூனிக்குக்கும் போகிறது. லுஃப்தான்சா குழுமத்தில் போட்டால் பிராங்பர்ட் வழியாகப் பாரிஸ், சூரிக்கிலிருந்து மியூனிக் வழியாகத் திரும்புவது என்று ஒரே டிக்கெட்டில் அமையும். அப்படியானால் உங்கள் ஷெங்கன் இமிகிரேஷன் பிராங்பர்ட்டிலேயே நடக்கும். சுவிஸ் விசாவோடு ஜெர்மனியில் நுழைவதில் தவறில்லை, டிக்கெட்டும் ஹோட்டல் பேப்பரும் கைப்பையில் இருக்கட்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகமும் கைரேகையும் பதிகிற புதிய முறை தொடங்கியிருக்கிறது, முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசை நீளும். அடுத்த ஃப்ளைட்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி எடுக்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். இருவருக்கு என்று தேடும்போது மலிவு விலையில் ஒரே சீட் மிச்சமிருந்தால், தளம் இருவருக்குமே அடுத்த விலையைக் காட்டும். ஒருவருக்கு என்று தேடிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தனித்தனியாக வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். ஃப்ளைட் ரத்தானாலோ தாமதமானாலோ ஏர்லைன் ஒவ்வொரு பி.என்.ஆரையும் தனித்தனியாக மாற்றும். ஒருவர் இன்று இரவும் மற்றவர் நாளைக் காலையும் கிளம்புவதாகிவிடும். வேறு நாளில் தேடுங்கள். அதேபோல இரண்டு தனி டிக்கெட்டை நாமே ஒட்டுப்போடுவதும் கூடாது: நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா கேட்கலாம், முதல் ஃப்ளைட் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான்.

டிசிஎஸ்: வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே உங்களிடம் வரி பிடித்து வருமான வரித்துறையில் கட்ட வேண்டும். அது ஏஜென்ட்டின் லாபம் அல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறும் முன்வரி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். பேக்கேஜ் என்பது விமான டிக்கெட், தங்குமிடம், மற்ற செலவுகளில் குறைந்தது இரண்டைச் சேர்த்து விற்பது. டிக்கெட் மட்டும் அல்லது ஹோட்டல் மட்டும் வாங்கினால் பேக்கேஜ் இல்லை. ஏஜென்ட்டிடம் வாங்குவதானால் இன்வாய்ஸ் உங்கள் கணவர் பான் எண்ணில் இருக்கட்டும். வருமானமில்லாத உங்கள் பானில் போட்டால் அந்தத் தொகைக்காகவே நீங்கள் ஒரு ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டி வரும். சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் இதைக் கழிக்கச் சொல்லி அவர் ஆபீஸிலும் எழுதிக் கொடுக்கலாம். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு) ஏற்றும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் ஓர் ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை.

இரண்டு நாட்டுக்குப் பேக்கேஜ் தேவையில்லை என்பது என் கருத்து. அதில் நேரம் முழுக்க பஸ்ஸில் போகும்.

பணத்தைப் பற்றிக் கவனமாக இருங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டு மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு பேங்க் போடும் கூடுதல் கட்டணம்) 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: லட்சம் ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய் கூடுதல். மார்க்கப் இல்லாத அல்லது குறைந்த கார்டு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ மட்டும் ஏற்றிக்கொண்டு சுவிஸில் தேய்த்தால் கரன்சி மாற்றுக் கட்டணம் விழும், சுவிஸ் பிராங்கும் தனியாக ஏற்றுங்கள். கடை மெஷினில் "ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா" என்று கேட்கும். நம் காசு தெரிகிறதே என்று ரூபாயைத் தொடாதீர்கள், அந்த மாற்று விகிதம் கடைக்காரர் பேங்க் வைத்தது. யூரோ அல்லது பிராங்கையே அழுத்துங்கள். ஈபிள் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. வந்தது; அதை நம்பி மற்ற இடங்களுக்குக் கிளம்ப வேண்டாம்.

தம்பதிகள் பலரும் கணவர் கார்டும் அதன் ஆட்-ஆன் கார்டுமாகக் கிளம்புவார்கள். முதன்மை அக்கவுண்ட் பிளாக் ஆனால் இரண்டும் ஒன்றாகச் செத்துப்போகும். உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டை, வேறு பேங்காக இருந்தால் நல்லது, ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து உங்கள் பையில் வையுங்கள். ஏ.டி.எம்., கடை மெஷின், ஆன்லைன், டேப் என நான்குக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மில் ரோமிங்கை இங்கேயே போட்டுவிடுங்கள். இ-சிம் வாங்கினால் பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் என்று விற்கிற பிளான்கள் எல்லையில் நின்றுவிடும்.

விசா ஃபைலில் கடைசி நேரத்தில் யாரிடமாவது வாங்கி மூன்று லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். திடீரென்று வந்த மொத்தத் தொகைதான் முதலில் கண்ணில் படும். சம்பளம் மாதாமாதம் வந்து, வாடகையும் இஎம்ஐயும் போய், மீதி நிற்கிற ஸ்டேட்மென்ட்தான் நல்ல ஸ்டேட்மென்ட். 6 மாதத்துக்கு, பேங்க் சீல் கையெழுத்தோடு. அவருடைய மூன்று மாத சம்பளச் சீட்டு, ஐ.டி. ரிட்டர்ன், ஆபீஸ் என்.ஓ.சி.யில் லீவ் தேதியும் திரும்பி வேலையில் சேரும் தேதியும். உங்கள் பக்கத்துக்கு அவர் எழுதும் செலவுப் பொறுப்புக் கடிதம், உங்கள் பெயரில் எஃப்.டி. இருந்தால் அதன் நகல், பழைய வேலையின் ரிலீவிங் லெட்டர். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், இறங்கும் நாள் முதல் கிளம்பும் நாள் வரை.

---

எச்எஸ்ஆர் செக்டர் 2:

கணக்கர் சார் விட்டதைத் தொடர்கிறேன், விசா வந்தபின் புக் பண்ணும் வேலைகள்.

பாரிஸ்–பாசெல் டிஜிவி லிரியா ரயில், கார் டெ லியோன் ஸ்டேஷனிலிருந்து மூன்று மணி நேரம். பாசெல் சுவிஸ் எல்லை நகரம், அங்கே மாறி இன்டர்லாக்கன் இரண்டு மணி நேரம். இந்த டிக்கெட் முன்கூட்டி வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். சுவிஸுக்குள் ஓடும் சாதாரண ரயில்களுக்கு அந்த அவசரமே இல்லை.

சுவிஸ் டிராவல் பாஸ் (குறித்த நாட்களுக்கு அங்கே ரயில், பஸ், படகில் போகும் பாஸ்) எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். யுங்ஃப்ராவ்யோக் மலை உச்சி நிலையத்துக்குப் (3,454 மீட்டர்) போகும் ரயிலில் பாஸ் கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டில் மேலே போகவும் பாதி விலை. மாறாக ரிகி மலைக்குப் பாஸில் முழுதும் இலவசம், லூசெர்ன் ஏரிப் படகும் அதில் அடக்கம், டிட்லிஸ் மலைக்குப் பாதி விலை. உங்கள் 7 நாளில் என்னென்ன ஏறுவீர்கள் என்று எழுதி இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். இன்டர்லாக்கன் நாலு நாளுக்கு ஹாஃப் ஃபேர், லூசெர்னுக்கு 3 நாள் பாஸ் என்றும் கூட்டிப் பார்க்கலாம். யுங்ஃப்ராவ் டிக்கெட்டை முன்னாலேயே வாங்கி நாளைக் கட்டிப்போடாதீர்கள். காலையில் மேலே இருக்கும் வெப்கேமைப் பாருங்கள்; மேகம் மூடியிருந்தால் அன்று லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நடக்கலாம், இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனிலிருந்து 20 நிமிட ரயில்தான்.

பாரிஸில் நாள் பொருத்தம் பார்க்கணும். லூவ்ர் மியூசியம் செவ்வாய் விடுமுறை. ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. லூவ்ரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு டிக்கெட் 32 யூரோ, நேரம் குறித்து வாங்கணும். ஈபிள் லிஃப்ட் டிக்கெட் ஆன்லைனில் 60 நாள் முன்பு திறக்கும். நோத்ர்தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது, உள்ளே போக இலவசம். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் என்று எங்கும் கூட்டம், மாதக் கடைசியில் ஃபேஷன் வீக் வந்தால் ஹோட்டல் விலை ஏறும். செப்டம்பர் 10-க்குக் கிளம்பி பாரிஸை முதலில் வைத்தது நல்லதாகப் போயிற்று.

ஹோட்டலில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் ஊர் வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என அங்கே கேட்பார்கள், ஏமாற்று வேலை இல்லை. இன்டர்லாக்கனில் விருந்தினர் கார்டு தருவார்கள், உள்ளூர் பஸ் இலவசம், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சுவிஸில் டபுள் ரூம் என்றால் இரண்டு மெத்தையை ஒட்டிப்போட்டு ஆளுக்கொரு போர்வை வைத்திருப்பார்கள், அதுதான் அங்கே வழக்கம். ஞாயிறு கோப், மிக்ரோஸ் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். தயிரும் பழமும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு போட வேண்டாம்.

பாரிஸில் 100 யூரோவுக்கு மேல் ஒரே கடையில் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும் என்று ஃபாரம் தருவார்கள். உங்கள் பாதையில் இது சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சுங்க முத்திரை வேண்டும், நீங்கள் வெளியேறுவது பாசெல் போகும் ரயிலில். சூரிக் ஏர்போர்ட்டில் பிரான்ஸ் ஃபாரத்துக்கு முத்திரை கிடையாது. அதை நம்பி விலை உயர்ந்த கைப்பை வாங்காதீர்கள்.

---

பானசவாடி மல்லிகை:

கடைசியாக ஒன்று. விசா கையில் வந்ததும் என்ன பார்க்கணும்?

---

கோரமங்கலா 5வது பிளாக்:

கவரை வாங்கிய இடத்திலேயே திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள், இருவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. பெயர் எழுத்தும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள், என்ட்ரி 1-ஆ, மல்ட்-ஆ. தேதி இடைவெளி நீளமாக இருந்து நாள் 13 என்று போட்டிருந்தால் அந்த 13-தான் கணக்கு, இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டும் அதில் சேரும். நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் ஃப்ளைட் ஒரு நாளைக் கூட்டிவிடும், அதை டிக்கெட் வாங்குவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு 13 நாளும் மற்றவருக்கு 12 நாளும் வந்திருந்தாலோ எழுத்துப் பிழை இருந்தாலோ அன்றே அங்கேயே சொன்னால் திருத்தலாம்.

எல்லாம் சரியென்றால் அன்று மாலையே டிக்கெட், மறுநாள் லிரியா ரயில், பிறகு லூவ்ரும் ஈபிளும். திரும்பி வந்தபின் போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காகக் கொண்டுவந்த விதிப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு அடுத்ததாக 2 வருட மல்ட்டிபிள் விசா தரலாம். அவர் வருத்தப்பட்ட அந்த இத்தாலியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.